வாய்க்கொழுப்பு

ஞாயிற்றுக்கிழமை டியூஷன் பத்து மணிக்குத்தான். நான் ஏழரைக்கே வந்து உட்கார்ந்துவிடுவேன். பெரும்பாக்கம் வாரியக் குடியிருப்பில் இந்த எட்டு மாடி பிளாக்கின் கீழே, படிக்கட்டு தொடங்கும் இடத்தில் ஒரு சிமென்ட் திட்டு உண்டு. ஒரு முனை எனக்கு, மறுமுனை ஒரு சாம்பல் பூனைக்கு. இரண்டு வருஷமாக நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

முப்பத்தோரு வருஷம் விலங்கியல் நடத்தியதில் என் பங்குப் பேச்சு தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். தவளையின் இதயத்துக்கு எத்தனை அறை என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ! பழைய மாணவர்கள் எங்காவது பார்த்தால் அதைப் பற்றிப் பேசுவதில்லை. நான் சாக்பீஸ் எறிகிற குறியைத்தான் புகழ்கிறார்கள். இப்போது பார்ப்பதோடு சரி.

மாசி மாதத்து இளவெயில் இரண்டு பிளாக்குகளுக்கு நடுவே சாய்வாக இறங்கியிருந்தது. பள்ளிக்கரணைச் சதுப்புப் பக்கமிருந்து நாலைந்து கூழைக்கடாக்கள் சிறகை அசைக்காமல் தலைக்கு மேலே போயின. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. துணி காயப்போடுகிற கம்பிகள், தண்ணீர்க் குடங்கள், செருப்பில்லாமல் ஓடும் பிள்ளைகள், எங்கோ ஒரு மாடியில் பக்திப் பாட்டும் இன்னொரு மாடியில் கானாவும். 20,000-க்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட ஊர் இது. ஆனால் இங்கே உள்ள பெரியவர்களில் இங்கே பிறந்தவர் அபூர்வம். கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் என்று நீரோரமாகப் பிறந்து, ஒதுக்கீட்டில் விழுந்த மாடிக்கு ஏறி வந்தவர்கள்.

ஆயா இறங்கி வந்தாள். மூன்றாம் மாடி. சென்ட்ரலுக்குப் பின்னால் கூவத்தோரம் சத்தியவாணிமுத்து நகரில் அறுபது வருஷம் இருந்தவள். லிஃப்டில் ஏறமாட்டாள். “பொட்டில அடைக்கறது செத்தப்பறம் போதும்” என்பாள். இடுப்பில் மூணு மாதக் குழந்தை, கையில் எண்ணெய்க் கிண்ணம். பெரிய பேத்தியின் பெண். வெயில் விழும் இடமாகப் பார்த்து உட்கார்ந்து, புடவையை முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகி, இரண்டு காலையும் நீட்டி, நடுப்பள்ளத்தில் குழந்தையைக் கிடத்தினாள். உலகத்தில் இதைவிட நல்ல தொட்டில் கிடையாது.

முதலில் வெதுவெதுப்பான தேங்காய் எண்ணெய். மார்பில், வயிற்றில், தொடையில். குழந்தையைக் குப்புறப் போட்டு முதுகில். பிறகு திருப்பி, மூக்கை இரண்டு விரலால் பிடித்து ஒரு இழுப்பு. கடைசியில் கிண்ணத்தின் ஓரத்தில் தனியாக வைத்திருந்த விளக்கெண்ணெயை விரல் நுனியில் தொட்டு உச்சிக்குழியில் வைத்துத் தட்டினாள். தட்டுவது என்றால் தட்டுவதுகூட இல்லை; விரல் சும்மா போய் உட்கார்ந்து எழும். அந்த இடத்தில் எலும்பு இன்னும் கூடவில்லை. தோலுக்குக் கீழே ஒரு துடிப்பு எழுந்து தாழ்வது திட்டில் இருந்தே தெரிந்தது.

“உள்ள எறங்கட்டும். மூளை குளுந்தாதான் புள்ளைக்கு அறிவு வரும்.” யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. பூனையிடமாகக்கூட இருக்கலாம்.

உச்சிக்குழி மூட ஏறத்தாழ ஒன்றரை வருஷம் பிடிக்கும். திறந்திருக்கிறது என்பதால் எண்ணெய் உள்ளே இறங்கிவிடாது. தோலும் சவ்வுகளும் காவல் இருக்கின்றன. வகுப்பில் ஒரு பையன் இதைச் சொல்லியிருந்தால் திருத்தியிருப்பேன். ஆயாவைத் திருத்த எனக்கு வாய் வரவில்லை. ஒரு காரணம், பயம். இன்னொரு காரணம், அவள் கணக்கில் பாதி சரி. மூளையிலுள்ள நீரை வற்ற வைத்துப் பார்த்தால் மிஞ்சுவதில் பாதிக்கு மேல் கொழுப்புதான். உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குள்ள இந்த உறுப்பு, உடம்பிலுள்ள கொலஸ்ட்ராலில் ஏறக்குறைய கால் பங்கை வைத்துக்கொண்டிருக்கிறது. அதையும் இரத்தத்திலிருந்து வாங்குவதில்லை, தன் அடுப்பில் தானே காய்ச்சிக்கொள்கிறது. மூளைக்குள் எண்ணெய் போயிருக்கிறது, நிறையவே போயிருக்கிறது. ஆனால் ஆயாவின் விரல் வருவதற்குப் பல மாதம் முன்னால், வேறு வழியாக.

இந்தக் கொழுப்புகளைப் பிரித்துப் பெயர் வைத்தவர்களில் முதன்மையானவர் லண்டனில் வேலை பார்த்த ஜெர்மானிய வைத்தியர் துடிக்கம். மாட்டு மூளையும் மனித மூளையுமாக வாங்கிக் கரைத்து, வடித்து, படிய வைத்துக்கொண்டிருந்தவர். 1884-ல் அவர் எழுதிய புத்தகத்தில் ஒரு பொருளுக்கு ஸ்பிங்கோசின் என்று பெயர். விடுகதை போட்டு வழிமறிக்கும் கிரேக்கத்து ஸ்பிங்க்ஸ் நினைவாக. அந்தப் பொருள் அவரை அப்படிப் படுத்தியிருக்கிறது. நூறு வருஷம் கழித்துத்தான் விடை கொஞ்சம் கொஞ்சமாக வந்தது: அதன் மேல் ஒரு பாஸ்பேட் ஏறினால் அது செல்லுக்குச் செல் போகும் சேதியாகிவிடுகிறது.

நாங்கள் பாடப் புத்தகத்தில் லிப்பிடு என்றும் கொழுப்பு என்றும் மாற்றி மாற்றி நடத்தினோம். பழந்தமிழில் நிணம் என்றார்கள். எள்ளின் நெய்தான் எண்ணெய். 2022 ஜனவரியிலிருந்து செம்மொழித் தமிழாய்வு நிறுவனத்தின் சொந்தக் கட்டடமும் இதே பெரும்பாக்கத்தில்தான் நிற்கிறது. அங்கே யாராவது நெய், நிணம், ஊன், கொழுப்பு எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று எண்ணிக்கொள்ள எனக்குப் பிடிக்கும். ஆனால் இன்று காலை அந்த அகராதி வேலையைச் செய்தது மீன்காரம்மா.

ஷேர் ஆட்டோவிலிருந்து அன்னக்கூடையோடு இறங்கினாள். கூடைத் தண்ணீர் ஒழுகி ஆட்டோக்காரரின் முகம் சுருங்கியது. திட்டுக்கு எதிரே கோணியை விரித்து, கூறு போட்டாள். நெத்திலி இரண்டு கூறு, மத்தி நாலு, கானாங்கெளுத்தி ஒன்று, தனியாக இரண்டு பெரிய சங்கரா. பூனை முதல் தடவையாக என் பக்கம் பார்த்தது.

சின்னப் பேத்தி வந்தாள். ஐந்து மாதம் என்று வயிறே சொன்னது. நைட்டி மேல் துண்டு, கையில் அரசாங்க ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு வந்த பிளாஸ்டிக் கூடை. அந்தப் பெட்டகத்தில் சத்துமாவு, பேரீச்சம்பழம், இரும்புச்சத்து மருந்து, கூடவே ஒரு நெய் டப்பாவும் வரும். முத்துலட்சுமி ரெட்டி பெயரில் உள்ள திட்டம். பணமும் பொருளுமாக மொத்தம் 18,000 ரூபாய். நெய் டப்பா வீட்டில் யாருடைய தோசைக்குப் போயிற்று என்பதை எந்தக் கணக்கும் சொல்லாது.

“கூறு நூத்தம்பதா? இன்னாக்கா, காசிமேட்டுலேந்து ஏரோபிளேன்லயா வந்துச்சு உன் மீனு?”

“ஆட்டோக்குத் துட்டு நீ குடுக்கறியாம்மா?”

“அத்தோட அந்தத் தலைய சும்மா போடு. யாருக்கு விக்கப் போற?”

ஆயா காலிலிருந்த குழந்தையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னாள்: “வாய்க்கொழுப்பு பாரு. அஞ்சு மாசம் ஆவுது, இன்னும் அடங்கல.”

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

கொழுப்புக்கு வாய் உண்டு என்பது தமிழில் தெருவில் கிடக்கிற விஷயம். விஞ்ஞானம் அதை ஒப்புக்கொள்ள ரொம்ப நாள் பிடித்தது. கொழுப்பு எரிபொருள், இல்லையென்றால் செல்லுக்குச் சுவரான சவ்வு. அதற்கு மேல் அதற்கு என்ன வேலை என்றுதான் இருந்தார்கள். 1953-ல் மேபல் ஹோக்கின், லோவெல் ஹோக்கின் என்ற தம்பதி புறாவின் கணையத் துண்டுகளில் ஒரு நரம்புச் சேதிப் பொருளைச் சேர்த்துப் பார்த்தார்கள். சுவரில் உள்ள கொழுப்பு மளமளவென்று மாறியது. சேதி வந்தால் செங்கல்லே அசைகிறது. ஏன் என்று புரிய இன்னும் முப்பது வருஷம் ஆயிற்று.

கருவின் மூளையில் இந்தப் பேச்சு வேறு எங்கும் இல்லாத அவசரத்தோடு நடக்கிறது. இந்தப் பெண்ணின் வயிற்றுக்குள் இந்த நிமிஷம் நடந்துகொண்டிருப்பதும் அதுதான். மூளையின் நடுவே ஒரு நீர்க்குழி. அதன் கரையில் நரம்புக் குருத்தணுக்கள் தோளோடு தோள் நெருக்கி நிற்கும். ஒவ்வொன்றும் கரையில் காலை ஊன்றி, மூளையின் வெளி விளிம்பு வரை நீண்ட கையை நீட்டியிருக்கும். அவை பிரிந்து பிறக்கும் நரம்புச் செல்கள் அந்தக் கையையே படிக்கட்டாகப் பிடித்து மேலே ஏறும். முதலில் பிறந்தவை கீழ் அடுக்கில் குடியேறும். பிறகு பிறப்பவை அவற்றைத் தாண்டி இன்னும் மேலே. பெருமூளைப் புறணியின் ஆறு அடுக்குகளில் பெரும்பாலானவை இப்படி நிரம்புகின்றன. எந்த மாடியில் இறங்குவது என்று மேலேயிருந்து ரீலின் என்ற புரதம் சொல்லும். அதைக் கேட்கும் காதுகள் எவை என்று 1999-ல் தெரிந்தபோது ஆச்சரியம்: இரத்தத்தில் கொழுப்பு மூட்டைகளை இறக்கி வாங்கும் குடும்பத்தைச் சேர்ந்த ஏற்பிகள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறொன்று. குருத்தணுவின் உட்கரு சும்மா இருக்காது. தன் மரபுச் சரட்டைப் படியெடுக்க மேலே போகும். பிரிகிற நேரம் வந்ததும் இறங்கி நீர்க்கரைக்கே வந்து அங்கேதான் இரண்டாகும். மறுபடி ஏறும், மறுபடி இறங்கும். 1935-ல் சாவர் என்பவர் பன்றிக் கருக்களைப் பார்த்து இதை எழுதினார். ஆயாவும் அப்படித்தான். காலையில் எண்ணெய்க்கு, பத்து மணிக்குத் தண்ணீருக்கு, சாயங்காலம் பேச்சுக்கு. மூன்றாம் மாடியில் குழாய் இருக்கிறது. ஆனாலும் காரியம் எதுவாக இருந்தாலும் கீழே வந்தால்தான் முடியும் அவளுக்கு.

அந்த நீர்க்கரையில் என்ன பேச்சு கேட்கிறது? 1996-ல் கலிபோர்னியாவில் ஜெரால்டு சுன் குழுவினர் சுண்டெலிக் கருவின் மூளையில், இந்தக் கரையோரத்துச் செல்களில் மட்டும் மிகுதியாக வேலை செய்யும் ஒரு மரபணுவைப் பிடித்தார்கள். கரையில் இருந்ததால் கரையின் பெயரையே அதற்கு வைத்தார்கள். அது எல்பிஏ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் லைசோஃபாஸ்ஃபாட்டிடிக் அமிலத்தின் காது. அந்தக் கொழுப்புக்கு முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்ட காதும் அதுவே. செல்சவ்வுக் கொழுப்புக்கு வழக்கமாக இரண்டு கால். ஒன்றை வெட்டிவிட்டால் சுவரில் நிற்க முடியாமல் நொண்டிக்கொண்டு வெளியே வந்துவிடும். அந்த ஒற்றைக்கால் கொழுப்புதான் லைசோ வகை. வெளியே வந்ததும் ஊர் பேச ஆரம்பித்துவிடுகிறது.

2003-ல் அதே குழுவினர் ஒரு விளையாட்டுப் போலச் செய்தார்கள். சுண்டெலியின் மூளை மொழுமொழுவென்று இருக்கும், நம் மூளைபோல மடிப்பு கிடையாது. கருவிலிருந்து எடுத்த சுண்டெலி மூளையை எல்பிஏ கலந்த நீரில் ஒரு நாளுக்கும் குறைவாக வைத்திருந்தார்கள். மடிப்பு விழுந்தது. செல்கள் தாறுமாறாகப் பெருகியதால் அல்ல. சாக வேண்டியவை பல சாகவில்லை, இன்னும் பல பிரிவதை நிறுத்திக்கொண்டு நரம்புச் செல்லாகிவிட்டன. ஒரு கொழுப்பின் சொல்லுக்கு இவ்வளவு.

அதிகமாகப் பேசினாலும் ஆபத்து. எல்பிஏ இரத்தத்தில் உண்டு. கருவின் மூளைக்குள் இரத்தம் கசிந்தால் கரையோரத்துச் செல்கள் திடீரென்று ஒரு கூச்சலைக் கேட்கின்றன. 2011-ல் சுண்டெலிகளில் காட்டினார்கள்: அந்தக் கூச்சலில் கரை கலைந்து, செல்கள் இடம் பெயர்ந்து, மண்டைக்குள் நீர் கோத்துக்கொண்டது. எல்பிஏ-யின் காதை மருந்தால் பொத்தியபோது நோய் வெகுவாகக் குறைந்தது. மனிதக் குழந்தைகளுக்கு அந்த மருந்து இன்னும் வரவில்லை.

மீன்காரம்மா அரிவாள்மனையில் உட்கார்ந்து மத்தியை ஆய்ந்துகொண்டிருந்தாள். செதில் தெறித்து என் செருப்பில் இரண்டு ஒட்டியது. கழுவின தண்ணீரில் எண்ணெய்ப் படலம் வெயில் பட்டு வானவில்லாக விரிந்து, தரையின் சரிவைக் கண்டுபிடித்து ஓடியது. ஆயாவும் அவளும் பழைய கதை பேசினார்கள். இருவரும் ஆற்றங்கரைக்காரர்கள், வேறு வேறு கரை.

“செவத்துல நம்பர் எழுதிட்டுப் போனாம் பாரு, பெயின்ட்டுல. அன்னிக்கே தெரியும் எனக்கு. நம்பர் வுழுந்த வூடு நிக்காது.”

“எங்க வூட்டுல நான் அழிச்சிட்டேன். மறுநாளு வந்து பெருசா எழுதிட்டுப் போனான்.”

இருவரும் சிரித்தார்கள்.

நம்பர் விழுந்த சுவர். வகுப்பில் இருந்த காலத்தில் இந்த உவமை எனக்குக் கிடைக்காமல் போயிற்றே என்று இருந்தது. செல்லின் சுவரான சவ்வின் உட்புறத்தில் இனோசிட்டால் கொழுப்பு என்று ஒரு வகை, மிகச் சிறுபான்மை. அதன் தலையில் சில இடங்களில் பாஸ்பேட் குறி போடலாம். நான்காம் இடத்திலும் ஐந்தாம் இடத்திலும் குறி விழுந்தால் அதற்குப் பெயர் பிப்-2. எந்தச் சுவரில் எந்தக் குறி என்று பார்த்துத்தான் புரதங்கள் வந்து ஒட்டுகின்றன, செல்லுக்குள் சரக்கு எங்கே போவது என்பது முடிவாகிறது. குறி போட ஒரு நொதி, அழிக்க ஒரு நொதி. அழிக்கும் நொதிகளில் ஒன்றின் பெயர் ஓசிஆர்எல்.

ஆயா இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்துக் குழந்தையின் முகத்துக்கு மேலே ஆட்டினாள். இடது பக்கம் போனது, குழந்தையின் கண்ணும் போனது. வலது பக்கம், கண்ணும் கூடவே. “பாக்குது, பாக்குது” என்று அவளே சொல்லிக்கொண்டாள். கிழவிகள் எல்லோரும் செய்கிற பரிசோதனை. எதற்காக இது தோன்றியிருக்கும் என்று யோசித்தால் பதில் சங்கடமானது: பார்க்காத குழந்தைகளை அவர்கள் கண்டிருக்கிறார்கள்.

ஓசிஆர்எல் மரபணு பழுதானால் வருவது லோவ் நோய்க்குறி. 1952-ல் பாஸ்டனில் சார்லஸ் லோவும் இரண்டு சகாக்களும் எழுதிப் பதிந்தது. பிறக்கும்போதே கண்ணில் வெள்ளை படர்ந்திருக்கும், கழுத்து நிற்காது, சிறுநீரகம் சத்துகளைக் கசியவிடும், அறிவு வளர்ச்சி தடைப்படும். எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் அநேகமாக ஆண் குழந்தைகளுக்குத்தான். மரபணு எது என்று 1992-ல் தெரிந்தது. மிக மிக அரிது. ஐந்து லட்சம் பேரில் ஒருவருக்கு என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. அதனால் பெரிய நாடுகளின் மருந்துக் கம்பெனிகள் இதற்காகத் தூக்கம் கெடுவதில்லை. சுண்டெலியில் இந்த மரபணுவை நீக்கிப் பார்த்தால் நோய் சரியாக வருவதுமில்லை. மனித மூளை வளர்வதை மனிதச் செல்லில்தான் பார்க்க வேண்டும்.

அதைப் பார்த்தவர்கள் பக்கத்து ஊரில், பெங்களூரில் இருக்கிறார்கள். தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் ரகு படிஞ்ஞாட்டின் ஆய்வகம் பல வருஷமாக இந்த இனோசிட்டால் கொழுப்புகளின் பின்னாலேயே நடக்கிறது. லோவ் நோயாளிகளின் உடற்செல்களை எடுத்து, காலத்தைப் பின்னோக்கித் திருப்பி, எதுவாகவும் மாறக்கூடிய குருத்தணுக்களாக்கி, அவற்றிலிருந்து நரம்புக் குருத்தணுக்களை வளர்த்தார்கள். 2022-ல் அதை வெளியிட்டார்கள். சுவரில் அழிபடாத குறிகள் அங்கே தட்டில் தெரிந்தன. அடுத்த கட்டத்தில் இன்னும் சுவையான சேதி. நோயாளியின் செல்களிலிருந்து வளர்ந்த நரம்புச் செல்கள் மந்தமாக இருந்தன, மின்துடிப்பு போதவில்லை. காரணத்தைத் தேடிக் கீழே கீழே போனால் அது குருத்தணுவிலேயே இருந்தது. நரம்பாவதா, நரம்புக்குத் துணை நிற்கும் கிளியா செல்லாவதா என்ற தீர்மானம் கிளியா பக்கம் சாய்ந்திருந்தது. அந்தத் தீர்மானத்தை நடத்தும் நாட்ச் என்ற சேதித்தொடர் தளர்ந்திருந்தது. அழிப்பவன் இல்லையென்றால் எழுதுபவன் கையையாவது பிடிக்கலாமே என்று பிப்-2 உண்டாக்கும் நொதியைத் தடுத்துப் பார்த்தார்கள். செல்களின் துடிப்பு தேறியது. தட்டில்தான். தட்டுக்கும் தொட்டிலுக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்று பெங்களூர்க்காரர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

இங்கே என் தொழிலின் ஒரு பாவத்தைச் சொல்லிவிட வேண்டும். நுண்நோக்கியில் காட்டுவதற்குத் திசுவைத் தயார்செய்யும் வழக்கமான முறை: ஆல்கஹாலில் ஊறவைத்து நீரை எடுத்து, சைலீனில் போட்டுத் தெளியவைத்து, மெழுகில் பதித்து, சீவி, சாயம் ஏற்றுவது. ஆல்கஹாலும் சைலீனும் கொழுப்பைக் கரைத்துக்கொண்டு போய்விடும். பிள்ளைகளுக்கு முப்பத்தோரு வருஷம் மூளை என்று நான் காட்டிய ஸ்லைடுகளில் பாதி மூளை ஏற்கெனவே கழுவி ஊற்றப்பட்டிருந்தது. இதோ இந்த மீன் தண்ணீர்போல. கொழுப்பு பேசாது என்று நினைத்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சாட்சியை வெளியே அனுப்பிவிட்டு விசாரணை நடத்தினோம்.

வேளச்சேரியைத் தாண்டினால் ஐஐடி மதில். அதற்குள் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2022-ல் வந்தது. மோகனசங்கர் சிவப்பிரகாசம் தலைமையில், மருத்துவமனைகளின் துணையோடு, இரண்டாம் மும்மாதத்துக் கரு மூளைகளைத் தாள்தாளாகச் சீவிப் படமெடுத்து, 2024 டிசம்பரில் தரணி என்ற பெயரில் உலகுக்கு இலவசமாகத் திறந்துவிட்டார்கள். 5,132 வெட்டுப் படங்கள். என் போனில் ஒன்றிரண்டைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். நீர்க்குழியின் கரையில் செல்கள் ஊதாப் புள்ளிகளாக, திருவிழாக் கூட்டம்போல நெருக்கி நிற்கின்றன. மேலே போகப் போக இடைவெளி. ஐந்து மாதம் என்பது இந்தப் படங்களின் வயது.

அந்த வயதுக்காரி எதிரே நின்று தலைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். மீன்காரம்மா கடைசியில் இறங்கி வந்தாள். நூற்றிருபதுக்கு மத்திக் கூறு. சங்கராத் தலை ஒன்று தனியாக இலவசம். “உனுக்கு இல்ல, உள்ள கீறதுக்கு” என்று சொல்லிப் போட்டாள்.

உள்ளே இருப்பதற்குத்தான் அது போகும், போனால். மத்தியிலும் கானாங்கெளுத்தியிலும், மீன் தலையில் கண்ணுக்குப் பின்னாலும் உள்ள கொழுப்பில் டிஹெச்ஏ என்ற ஒமேகா-3 அதிகம். மூளை தானாக அதைப் போதுமான அளவு செய்துகொள்வதில்லை, வெளியே இருந்துதான் வர வேண்டும். எப்படி உள்ளே நுழைகிறது என்பது 2014 வரைக்கும் தெளிவில்லை. சிங்கப்பூரில் டேவிட் சில்வரின் குழு வாசலைக் கண்டுபிடித்தது: மூளையின் இரத்தக் குழாய்ச் சுவரில் எம்எஃப்எஸ்டி2ஏ என்ற புரதம். அது டிஹெச்ஏ-யைத் தனியாக உள்ளே விடாது. ஒற்றைக்கால் கொழுப்பின் அந்தக் காலாக வந்தால்தான் விடும். அந்த வாசல் அடைபட்ட சுண்டெலிக்குச் சின்ன மூளை. 2015-ல், அதே மரபணு பழுதான குடும்பங்களில் தலை சிறுத்துப் பிறந்த குழந்தைகளைப் பற்றி இரண்டு குழுக்கள் எழுதின.

ஒற்றைக்கால் என்றதும் நினைவு வந்திருக்கும். இங்கே சுமைகூலியாக வருவது லைசோ வகை. கரையில் ஊர்ப்பேச்சு பேசும் எல்பிஏ-யும் லைசோ வகை. முன்னதன் தலையை ஒரு நொதி கத்தரித்துவிட்டால் பின்னதாகிவிடும். மளிகையை இறக்கிவிட்டு அதே வாயால் நாலு சேதி சொல்லிப் போகும் ஆள்போல. எது உணவு, எது உத்தரவு என்று கோடு கிழிக்க முடியாத இடம் அது. பாடப் புத்தகத்தில் ஊட்டச்சத்து ஐந்தாம் பாடம், செல் தொடர்பு பதினொன்றாம் பாடம். நானும் அந்த வரிசையிலேதான் நடத்தினேன்.

குழந்தைக்கு வெந்நீர் ஊற்றும் நேரம் வந்தது. ஆயா கையில் மிஞ்சிய எண்ணெயைத் தன் நரைத்த தலையில் தேய்த்துக்கொண்டு எழுந்தாள். சின்னப் பேத்தி மீன் கூடையோடு லிஃப்ட் பக்கம் போய், நின்று, பிறகு ஆயாவுக்காகப் படிக்கட்டுக்கே வந்தாள். இருவரும் மெதுவாக ஏறினார்கள். முதல் திருப்பத்தில் ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எந்த ஒருத்தி என்று கீழேயிருந்து தெரியவில்லை. நைட்டியின் ஓரம் மட்டும் தெரிந்தது.

பத்து மணிக்குப் பிள்ளைகள் மாடிக்கு வந்தார்கள். எட்டுப் பேர். பாடம், சொல்லித் தொலைக்கிறேன், தவளையின் இதயம்.

பன்னிரண்டரைக்கு முடிந்து இறங்கும்போது பிளாக் முழுக்கப் புளிக்குழம்பு வாசனை. முதல் மாடித் திருப்பத்தில் காற்று வரும் ஜன்னல் கீழ்ப்படியில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் அலுமினியத் தட்டு, தட்டில் சோறு, சோற்றின் மேல் சங்கராத் தலை முழுசாக. வீட்டில் எத்தனை பேர், யாருக்குத் தெரியாமல் எடுத்து வந்தாள், அல்லது ஆயாதான் கொடுத்து இங்கே அனுப்பினாளா என்று எனக்குத் தெரியாது. கன்னத்துச் சதையைக் கிள்ளி எடுத்தாள். கண்ணைப் பிதுக்கி வாயில் போட்டுக்கொண்டாள். எலும்பைப் பிளந்து, கண்ணை மூடிக்கொண்டு, சத்தம் வர உறிஞ்சினாள். இரண்டு படி கீழே சாம்பல் பூனை.

செருப்புச் சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தாள். முழங்கை வரை குழம்பு.

“இன்னா சார் பாக்குறீங்க?”

நான் சுவரோரமாக ஒதுங்கி, தட்டில் கால் படாமல் இறங்கினேன்.